மீடியாவிக்கி பராமரிப்பு ஸ்கிரிப்டுகளை டெர்மினலில் இயக்குவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். ஊர் நூலகத்துக்காக விக்கிப்பீடியா ஓடும் அதே மென்பொருளான மீடியாவிக்கியில் ஒரு சின்ன விக்கி நடத்துகிறீர்கள். 1.35-இல் இருந்ததை 1.43-க்கு மாற்றினீர்கள். கோப்புகளை ஏற்றியதிலிருந்து எதைத் தொட்டாலும் தரவுத்தளப் பிழை. மெயின்டனன்ஸ் கோப்புறைக்குள் 'அப்டேட்' என்று ஒன்று இருப்பதைப் பார்த்து அதை பிரவுசரில் திறந்திருக்கிறீர்கள், அனுமதி இல்லை என்று வந்துவிட்டது. டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்தான் இயக்க வேண்டும் என்கிறார்கள், அது பழக்கமில்லை, அங்கே நூறுக்கும் மேல் ஸ்கிரிப்டுகள் கிடக்கின்றன, தவறாக ஒன்றைத் தட்டி எல்லாம் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம்.

பயம் நியாயமானது. ஆனால் அது எல்லா ஸ்கிரிப்டுக்கும் ஒரே அளவில் பொருந்தாது. ஒரு விஷயம் பிடிபட்டால் பாதிப் பயம் போய்விடும்.

விக்கியின் தரவுத்தளத்தில் இரண்டு வகை அட்டவணைகள் உண்டு. ஒன்று மூலம்: பக்கங்கள், அவற்றின் ஒவ்வொரு திருத்தமும், உரை, பயனர் கணக்குகள். இவை போனால் போனதுதான். இன்னொன்று மூலத்திலிருந்து கணக்கிட்டு எழுதி வைத்த நகல்: எந்தப் பக்கம் எதற்கு இணைப்புத் தருகிறது, எது எந்தப் பகுப்பில் இருக்கிறது, தேடல் அட்டவணை, அண்மைய மாற்றங்கள், மொத்தம் எத்தனை பக்கம் என்ற எண்ணிக்கை. ஒரு புத்தகத்தின் பின்னால் உள்ள சொல்லடைவு கிழிந்துபோனால் புத்தகத்தைப் படித்து மறுபடி எழுதிக்கொள்ளலாம் அல்லவா, அது போல. பராமரிப்பு ஸ்கிரிப்டுகளில் நாம் அடிக்கடி தொடுபவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சரிசெய்பவை. அவற்றைப் பத்து முறை இயக்கினாலும் நேரம்தான் செலவு. மூலத்தைத் தொடுகிற ஸ்கிரிப்டு என்றால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் யோசியுங்கள்.

'அப்டேட்' மூலத்தையும் தொடும். அதனால் முதலில் நகல் எடுப்போம்.

மூன்று பொருள் வேண்டும்: தரவுத்தளம், பதிவேற்றிய படங்கள் இருக்கும் இமேஜஸ் கோப்புறை, விக்கியின் அமைப்புகள் இருக்கும் லோக்கல்செட்டிங்ஸ் கோப்பு. தரவுத்தளத்தை மைஎஸ்க்யூஎல்டம்ப் (மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் நகலெடுக்கும் கட்டளை) கொண்டு ஒரு கோப்பாக எடுங்கள். எடுத்ததும் அந்தக் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். 'டெயில்' கட்டளை போதும். 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று தேதியோடு ஒரு வரி இருக்க வேண்டும். அது இல்லையென்றால் வட்டு நிரம்பியோ இணைப்பு அறுந்தோ பாதியில் நின்றிருக்கிறது என்று பொருள். கோப்பின் அளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை நம்பாதீர்கள். பாதி நகலும் பெரிதாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, புதிய பதிப்பைப் பழைய கோப்புறையின் மேலேயே கொட்டியிருந்தால் பழைய கோப்புகள் சில உள்ளே தங்கிவிடும். புதிய கோப்புறையில் விரித்து, லோக்கல்செட்டிங்ஸையும் படங்களையும் அங்கே கொண்டுவந்து, நீட்சிகளை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்களை) 1.43-க்கான பதிப்பாகப் புதிதாக எடுத்துப் போடுவதுதான் முறை. அதை முதலில் செய்துவிடுங்கள்.

சரி, டெர்மினல். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குக் கட்டளையிடும் வசதி) வழியாக சர்வருக்குள் போய், விக்கியின் வேர்க் கோப்புறைக்கு வாருங்கள். லோக்கல்செட்டிங்ஸ் எங்கே இருக்கிறதோ அதுதான் வேர். அங்கே வந்ததும் நேராக 'அப்டேட்' பக்கம் போகாதீர்கள். 'பிஎச்பி' (மீடியாவிக்கி எழுதப்பட்ட நிரல்மொழி) என்று எழுதி, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் 'வி' எழுத்தும் தட்டிப் பதிப்பைப் பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். இணையதளத்துக்கு ஒரு பிஎச்பி, டெர்மினலுக்கு வேறொரு பிஎச்பி என்று சர்வரில் இரண்டு இருப்பது சகஜம். மீடியாவிக்கி 1.43-க்குக் குறைந்தது 8.1 வேண்டும். தளம் 8.2-இல் ஓடிக்கொண்டிருக்கும், டெர்மினல் மட்டும் 7.4 என்று சொல்லும். அப்படியானால் புதிய பிஎச்பி இருக்கும் முழுப் பாதையைக் கொடுத்து அழைக்க வேண்டும். பதிப்பு ஒன்றாக இருந்தாலும் இரண்டுக்கும் அமைப்புக் கோப்பு வேறு வேறாக இருக்கக்கூடும். தளத்தில் இருக்கும் துணைத்தொகுதி டெர்மினலில் இல்லை என்று பிழை வந்தால் காரணம் அதுதான்.

ஒரு நல்ல செய்தியும் இதே வேறுபாட்டில் இருக்கிறது. பிரவுசர் வழியாக ஓடும் பிஎச்பிக்கு இயல்பாக 30 நொடிக் கெடு உண்டு. டெர்மினலில் கெடு இல்லை. மணிக்கணக்கில் ஓட வேண்டிய வேலைகளை அங்கே வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிரவுசரில் உங்களைத் தடுத்தது பிழையல்ல, வேண்டுமென்றே போட்ட பூட்டு. யார் வேண்டுமானாலும் முகவரியைத் தட்டி உங்கள் தரவுத்தளத்தை மாற்றிவிடக் கூடாது அல்லவா.

யாராக இயக்குகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். ரூட்டாக (சர்வரில் எல்லா உரிமையும் உள்ள பயனராக) நுழைந்து அப்படியே இயக்கிவிடுவது சுலபம். ஆனால் ஸ்கிரிப்டு உருவாக்கும் கோப்புகளுக்கும் ரூட்தான் உரிமையாளர் ஆகிவிடும். படங்களை மொத்தமாக ஏற்றும் ஸ்கிரிப்டை ரூட்டாக இயக்கினால், அடுத்த நாள் யாராவது தளத்தில் ஒரு படம் பதிவேற்றும்போது அந்தக் கோப்புறைக்குள் எழுத முடியாமல் பிழை வரும். என்ன மாற்றினோம் என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். தளம் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பெயரில் 'சூடோ' (வேறொரு பயனராக இயக்க உதவும் கட்டளை) போட்டு இயக்குங்கள்.

கட்டளை இதுதான், உச்சரிப்பில் எழுதுகிறேன்:

பிஎச்பி மெயின்டனன்ஸ்/ரன்.பிஎச்பி அப்டேட்

2023-இல் வந்த 1.40-இலிருந்து இந்த 'ரன்' வழிதான். அதற்கு முன்னால் அந்தந்த ஸ்கிரிப்டின் கோப்பையே நேரடியாக அழைப்போம். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் அப்படித்தான் இருக்கும். இப்போது அப்படி அழைத்தால் நட்சத்திரக் குறிகளோடு ஓர் எச்சரிக்கை வரும், வேலை அநேகமாக நடந்துவிடும், ஆனாலும் புதிய வழிக்கே பழகிக்கொள்ளுங்கள். மற்ற ஸ்கிரிப்டுகளுக்கும் 'அப்டேட்' இருக்கும் இடத்தில் பெயரை மாற்றினால் போதும். பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு லினக்ஸில் முக்கியம். மெயின்டனன்ஸ் கோப்புறையில் 'எல்எஸ்' தட்டினால் எல்லாப் பெயரும் வரும், அங்கிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள், நினைவிலிருந்து தட்டாதீர்கள்.

இணைப்பு நடுவில் அறுந்தால் ஸ்கிரிப்டும் செத்துவிடும் என்பதால் 'ஸ்கிரீன்' அல்லது 'டிமக்ஸ்' உள்ளே இயக்குங்கள். வீட்டில் மின்சாரம் போனாலும் சர்வரில் வேலை ஓடிக்கொண்டிருக்கும், திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளலாம்.

'அப்டேட்' தொடங்கியதும் ஐந்திலிருந்து கீழே எண்ணும். மனம் மாறினால் கன்ட்ரோல்-சி அழுத்தி வெளியே வர அதுதான் கடைசி வாய்ப்பு. அப்புறம் வரிசையாக வரிகள் ஓடும். பல வரிகள் 'ஏற்கெனவே இருக்கிறது' என்ற பொருளில் வரும், அவை வெறும் சரிபார்ப்பு. சில இடங்களில் நெடுநேரம் நிற்கும். 1.35-இலிருந்து 1.43-க்கு வரும்போது அப்படி நிற்கக்கூடிய இடம் ஒன்றைச் சொல்கிறேன்: வார்ப்புரு (பல பக்கங்களில் செருகும் பொதுத் துண்டு) இணைப்புகள், பக்க இணைப்புகள் இரண்டிலும் முன்பு ஒவ்வொரு வரியிலும் தலைப்பு முழுதாக எழுதப்பட்டிருக்கும். இடைப்பட்ட பதிப்புகளில் தலைப்புகளை 'லிங்க்டார்கெட்' என்ற தனி அட்டவணைக்கு நகர்த்தி, பழைய இடத்தில் ஓர் எண்ணை மட்டும் வைத்தார்கள். இப்படிப் பல மாற்றங்கள். புதிய நிரல் புதிய நெடுவரிசையைத் தேடுகிறது, உங்கள் தரவுத்தளத்தில் அது இன்னும் இல்லை. உங்களுக்கு வரும் பிழை அவ்வளவுதான். எதுவும் அழியவில்லை.

நின்றுபோனால் இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஒன்று, தரவுத்தளப் பயனருக்கு அட்டவணையை மாற்றும் உரிமை இல்லாமை. லோக்கல்செட்டிங்ஸில் நிர்வாகப் பயனர் என்று தனியாக ஒருவரைக் குறிப்பிட இடமுண்டு. இரண்டு, பழைய நீட்சி. எந்த நீட்சி என்று தெரியாவிட்டால், நீட்சிகளை ஏற்றும் வரிகளை எல்லாம் தற்காலிகமாக முடக்கி, 'அப்டேட்' இயக்கி, பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து மறுபடி இயக்குங்கள். நீட்சிகளின் அட்டவணைகளையும் இதே ஸ்கிரிப்டுதான் உருவாக்குகிறது. பின்னால் புதிதாக ஏதாவது நீட்சி சேர்த்தாலும் ஒருமுறை இயக்க வேண்டியிருக்கும்.

1.35-இலிருந்து 1.43-க்கு ஒரே தாவலில் வரலாம். இரண்டு நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் வரை பின்னால் இருந்து தாவ அனுமதி உண்டு, 1.35-ம் 1.39-ம் அந்த இரண்டு. அதைவிடப் பழையது என்றால் நடுவில் ஒரு படியில் இறங்கித்தான் ஏற வேண்டும்.

இவ்வளவும் நடக்கும்போது யாரும் திருத்தக் கூடாது என்றால் விக்கியைப் படிக்க மட்டும் என்று பூட்டலாம். நேரடியாகப் பூட்டினால் ஸ்கிரிப்டுக்கும் பூட்டு விழும். டெர்மினலிலிருந்து வந்தால் திற, மற்றவர்களுக்கு மூடு என்று லோக்கல்செட்டிங்ஸில் ஒரே வரியில் நிபந்தனையாக எழுதுங்கள்.

இனி, பதிப்பு மாற்றம் முடிந்த பிறகு நிஜமாகவே அடிக்கடி தேவைப்படுபவை.

முதலாவது 'ரன்ஜாப்ஸ்'. ஒரு வார்ப்புருவில் பகுப்பை மாற்றுகிறீர்கள், அந்த வார்ப்புரு உள்ள ஐந்நூறு பக்கங்களும் மூன்று நாளாகியும் பழைய பகுப்பிலேயே இருக்கின்றன. பெரிய விக்கிகளில் இது ஏன் தெரிவதில்லை, நம்மைப் போன்ற சின்ன விக்கியில் மட்டும் ஏன் கழுத்தறுக்கிறது? மீடியாவிக்கி இந்த மாதிரி வேலைகளை வரிசையில் போட்டு வைக்கும். இயல்பான அமைப்பில், யாராவது ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அந்தச் சாக்கில் வரிசையிலிருந்து ஒரு வேலையை முடிக்கும். ஐந்நூறு வேலை முடிய ஐந்நூறு வருகை வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது பேர் வரும் தளத்தில் எப்போது முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 'ஷோஜாப்ஸ்' இயக்கினால் எத்தனை காத்திருக்கின்றன என்று ஓர் எண் வரும். 'ரன்ஜாப்ஸ்' இயக்கினால் வரிசை காலியாகும்.

கையால் இயக்குவது அவசரத்துக்கு. நிரந்தரத் தீர்வு, வருகைக்கு ஒன்று என்ற விகிதத்தைச் சுழியமாக்கி, க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் வசதியில்) சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'ரன்ஜாப்ஸ்' ஓடும்படி வைப்பது. அதிகபட்ச நேரம் என்ற விருப்பத்தையும் (கட்டளையோடு தட்டும் கூடுதல் சொல்லையும்) சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் முந்தையது முடியுமுன் அடுத்தது தொடங்கி ஒன்றின் மேல் ஒன்று ஏறும். சுழியமாக்கிவிட்டு க்ரான் வைக்க மறந்தால் வரிசை ஒருபோதும் குறையாது. இது நான் மற்றவர்களின் சர்வரில் அடிக்கடி பார்ப்பது.

இரண்டாவது தமிழ் விக்கி நடத்துபவர்களுக்கு மட்டுமேயான விஷயம், பகுப்பின் வரிசை. இயல்பான அமைப்பில் மீடியாவிக்கி பகுப்புப் பக்கங்களை யூனிகோடு எண் வரிசையில் அடுக்குகிறது. யூனிகோடில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற. நம் நெடுங்கணக்கில் ற-வும் ன-வும் கடைசியில். இதனால் 'வயல்' வருமுன் 'வனம்' வந்துவிடும், 'அலை'க்கு முன் 'அறம்' வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் இது சட்டென்று கண்ணில் படாது. தமிழ்ச் சொல் எதுவும் ன-விலோ ற-விலோ தொடங்குவதில்லை, அதனால் தலைப்பெழுத்துகள் ஏறக்குறைய ஒழுங்காகத் தெரியும். ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் ஜ உட்கார்ந்திருப்பது மட்டும் கொஞ்சம் உறுத்தும். உள்ளே, இரண்டாம் எழுத்தில்தான் குழப்பம். நூல்களின் பட்டியல் வைத்திருக்கும் உங்களுக்கு இது கட்டாயம் தேவை.

லோக்கல்செட்டிங்ஸில் பகுப்பு வரிசைக்கான மாறியில் யூசிஏ (யூனிகோடின் மொழிவாரி அடுக்குமுறை) என்பதுடன் தமிழின் மொழிக்குறியைச் சேர்த்துக் கொடுத்தால் தமிழ் வரிசைக்கு மாறும். பிஎச்பியில் மொழிகளுக்கான 'இன்டல்' துணைத்தொகுதி இருக்க வேண்டும். தளத்தின் பிஎச்பி, டெர்மினலின் பிஎச்பி இரண்டிலும், மேலே சொன்ன அதே கதை. ஆனால் மாறியை மாற்றினால் மட்டும் பழைய பக்கங்கள் நகராது. ஒவ்வொரு பக்கத்துக்கும் பகுப்பில் ஓர் அடுக்குச்சாவி எழுதப்பட்டிருக்கிறது, அது பழைய கணக்கிலேயே இருக்கும். 'அப்டேட்கொலேஷன்' என்ற ஸ்கிரிப்டு அந்தச் சாவிகளை எல்லாம் புதிதாகக் கணக்கிடும். மாறியை மாற்றிவிட்டு இதை இயக்காமல் விட்டால் புதிதாகத் திருத்திய பக்கங்கள் ஒரு கணக்கிலும் மற்றவை வேறு கணக்கிலும் கிடந்து, வரிசை முன்பைவிட மோசமாகும்.

பெயர்வெளியிலும் (முன்னொட்டால் பக்கங்களைப் பிரித்து வைக்கும் பிரிவிலும்) ஒரு பொறி உண்டு. 'நூல்' என்று முன்னொட்டு வைத்து முக்காற்புள்ளியோடு நூறு பக்கங்கள் உருவாக்கிவிட்டு, பிறகொரு நாள் 'நூல்' என்பதை முறையான பெயர்வெளியாக அறிவித்தால், அந்த நூறு பக்கங்களும் மறைந்துவிடும். அழியவில்லை, எட்ட முடியாத இடத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். 'நேம்ஸ்பேஸ்டூப்ஸ்' அவற்றைச் சரியான இடத்துக்கு நகர்த்தும். சும்மா இயக்கினால் என்ன செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும், 'ஃபிக்ஸ்' விருப்பம் சேர்த்தால்தான் செய்யும்.

தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து வார்ப்புருக்களை ஏற்றுமதி செய்து கொண்டுவருவதானால், சிறப்புப் பக்கம் வழியாகப் பெரிய கோப்பை ஏற்றப் பார்த்துப் பதிவேற்ற வரம்பில் முட்டிக்கொள்ளாமல், 'இம்போர்ட்டம்ப்' பயன்படுத்துங்கள். முடிந்ததும் அண்மைய மாற்றங்களையும் எண்ணிக்கையையும் மறுபடி கட்டும் இரண்டு ஸ்கிரிப்டுகளின் பெயரை அதுவே கடைசி வரிகளில் சொல்லும். தேடல் சரியாக வராவிட்டால் 'ரீபில்ட்டெக்ஸ்ட்இண்டெக்ஸ்'. மைஎஸ்க்யூஎல் தேடல் அட்டவணையை ஆர்வத்தில் திறந்து பார்த்துவிட்டு, தமிழ் எல்லாம் குப்பையாகிவிட்டது என்று பதறாதீர்கள். அங்கே தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் பதினாறடிமான எண்ணாக மாற்றித்தான் வைக்கிறது. அதன் இயல்பே அது.

கடவுச்சொல் மறந்த நிர்வாகிக்கு 'சேஞ்ச்பாஸ்வேர்ட்'. தட்டிய கடவுச்சொல் டெர்மினலின் வரலாற்றுக் கோப்பில் அப்படியே கிடக்கும், உள்ளே நுழைந்ததும் தளத்திலிருந்து மறுபடி மாற்றிவிடுங்கள்.

இப்போது பயப்பட வேண்டியவை. 'டிலீட்ஓல்ட்ரிவிஷன்ஸ்' பழைய திருத்தங்களை எல்லாம் நீக்கும். இடம் மிச்சமாகும் என்று ஆசைப்பட்டு இதைத் தொடுகிறவர்கள் உண்டு. நான் எந்த விக்கியிலும் இயக்கியதில்லை, இயக்கவும் மாட்டேன். யார் எதை எழுதினார்கள் என்ற வரலாறுதான் விக்கியின் உயிர். விக்கிப்பீடியாவிலிருந்து கொண்டுவந்த பக்கங்கள் இருந்தால், எழுதியவர்களுக்கு உரிய குறிப்பைக் காட்டுவது உரிமத்தின் நிபந்தனையும்கூட. நீக்கிய பக்கங்களின் சேமிப்பைத் துடைக்கும் 'டிலீட்ஆர்க்கைவ்ட்ரிவிஷன்ஸ்' என்பதும் இதே ரகம். இவை இரண்டும் 'டிலீட்' விருப்பம் கொடுத்தால்தான் உண்மையில் அழிக்கும். ஆனால் எல்லா ஸ்கிரிப்டும் இப்படி மரியாதையாகக் கேட்காது, சில தட்டியவுடன் தொடங்கிவிடும். எந்த ஸ்கிரிப்டையும் முதல் முறை 'ஹெல்ப்' விருப்பத்தோடு இயக்கிப் படியுங்கள்.

என் கதை ஒன்று. ஒரே சர்வரில் சோதனை விக்கி ஒன்று, நிஜ விக்கி ஒன்று. இரண்டு டெர்மினல் சாளரம், இரண்டும் ஒரே கறுப்பு. சோதனையில் போட்டுப் பார்த்த பக்கங்களின் தலைப்புகளை வரிக்கு ஒன்றாக எழுதி 'டிலீட்பேட்ச்' கொடுத்தேன். தலைப்புகள் ஒவ்வொன்றாக ஓடின. மூன்றாவது வரியில் 'முதற் பக்கம்' என்று பார்த்தபோதுதான் எந்தச் சாளரத்தில் இருக்கிறேன் என்று உறைத்தது. நிஜ விக்கியின் முதற்பக்கம் போய்விட்டது. நல்லவேளை, அது சாதாரண நீக்கம்தான், சேமிப்பில் இருந்ததை 'அன்டிலீட்' போட்டு ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டேன். சேமிப்பைத் துடைத்திருந்தால் நகலைத் தேடி ஓடியிருக்க வேண்டும். அன்றிலிருந்து நிஜ சர்வரின் சாளரத்துக்குச் சிவப்புப் பின்னணி வைத்திருக்கிறேன். ஒரே நிறுவலில் பல விக்கிகள் இருந்தால் 'விக்கி' என்ற விருப்பத்தில் எது என்று பெயர் சொல்லியே இயக்குங்கள்.

கடைசியாக, உங்கள் வாடகை சர்வரில் எஸ்எஸ்எச் வசதியே இல்லை என்றால். 'அப்டேட்' வேலையை மட்டும் பிரவுசரில் செய்ய வழி உண்டு. விக்கியின் முகவரியோடு நிறுவலுக்கான எம்டபிள்யூ-கான்ஃபிக் கோப்புறையைச் சேர்த்துத் திறந்தால், லோக்கல்செட்டிங்ஸில் இருக்கும் மேம்படுத்தல் சாவியைக் கேட்டுவிட்டு அதே மாற்றங்களைச் செய்யும். சின்ன தரவுத்தளத்துக்குச் சரி, பெரிதென்றால் நேரக்கெடுவில் பாதியில் நிற்கும். மற்ற ஸ்கிரிப்டுகளுக்கு, கட்டுப்பாட்டுப் பலகையில் க்ரான் இருந்தால் அங்கே கட்டளையை முழுப் பாதையோடு எழுதி, ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை ஓடும்படி நேரம் வைத்து, வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். டெர்மினலில் பார்ப்பதை அந்தக் கோப்பில் படித்துக்கொள்ளலாம். கோப்பை இணையத்தில் தெரியாத இடத்தில் வையுங்கள். வேலை முடிந்ததும் அந்த க்ரான் வரியை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கும் அதே நேரத்துக்கு ஓடும்.